நல்லா கீறேன், கவலப்படாத

"மாடு கன்னு போடுது, ஓடியான்னு நான் போன் பண்ணுவேன். நீ இன்னா சொல்லணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இந்திராணி.

"ஆளு சரியில்லன்னா, 'இதோ வந்துகினே கீறேன்'னு சொல்லிட்டுக் கெளம்பிடணும். நல்ல ஆளுன்னா, 'நல்லா கீறேன், கவலப்படாத'ன்னு சொல்லி வெச்சிடணும்," என்று ஒப்பித்தாள் தீபலட்சுமி.

"ஊரு, வேல?"

"ரெண்டு பேருமே மொத நாளு சொல்லிக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்."

"அவன் வண்டியில ஏறுன்னா?"

"மாட்டேன். என் ஸ்கூட்டியில போய் என் ஸ்கூட்டியிலயே வருவேன்."

"ரூமு கீமுன்னா?"

"இன்னிக்கு டீ மட்டுந்தான்."

"அப்பால ஒரு நாளு மனசு ஒத்துப்போச்சின்னா?"

"ஆணுறை இல்லாம ஆகாது. அத அவரே மொதல்ல சொல்லிட்டாரு."

"அவரா! நேர்ல பாக்கறதுக்கு முன்னாடியே மரியாத தூள் பறக்குது," என்று கண்ணடித்தாள் இந்திராணி. "போய்ட்டு வா. மாட்ட நான் பாத்துக்கறேன்."

தீபலட்சுமிக்கு முப்பத்து நாலு வயது. விவாகரத்தாகி மூன்று வருடம். திருப்புலிவனத்தில் சொந்த வீடு, அடுத்த அமாவாசைக்குக் கன்று போடும் என்று கணக்குப் போட்டிருந்த ஒரு சினைமாடு, உத்திரமேரூர் இ-சேவை மையத்தில் வேலை. இன்னொரு தாலிக்குக் கழுத்தை நீட்டும் உத்தேசம் அறவே கிடையாது. ஆனால் சிரித்துப் பேச, மனம் இசைந்தால் நெருங்கிப் பழக ஒரு ஆள் வேண்டும் என்றிருந்தது. அதற்காகத்தான் செல்போனில் ஒரு செயலியில் சேர்ந்தாள்.

அதில் முதலில் வாய்த்தவன், சந்தித்த பத்தாவது நிமிடமே "ரூம் போட்டுட்டேன், வா" என்றான். வேண்டாம் என்றதும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற ஆண் ஒருத்தனாவது இருக்கிறானா என்று பார்க்கத்தான் இன்றைய பயணம். இவனும் அதே ரகம் என்றால் செயலிக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

வாலாஜாபாத் பேக்கரியில், நாலு பேர் கண்ணில் படுகிற மேசையில் நந்தகுமார் காத்திருந்தான். வீடியோ காலில் பார்த்த அதே முகம். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாசல் பக்கம் நீங்க உக்காருங்க. எப்ப கெளம்பணும்னு தோணுனாலும் கெளம்பலாம். ஏன்னு கேக்க மாட்டேன்."

நல்ல ஆரம்பம்தான். ஆனால் ஆரம்பத்தில் எல்லோருமே உத்தமர்கள்தானே! தீபலட்சுமி எச்சரிக்கையாகவே டீயை உறிஞ்சினாள்.

பேசிவைத்த நேரத்துக்கு முன்பாகவே போன் அடித்தது.

"தீபா, மாடு கன்னு போடுது!" இந்திராணிக்கு மூச்சு வேறு வாங்கியது. என்ன நடிப்பு!

"நல்லா கீறேன், கவலப்படாத," என்று சொல்லி வைத்தாள்.

பேச்சு வளர்ந்தது. சிரிப்பும் வளர்ந்தது. நடுவில் அவன், "உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாங்க."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். இதோ, இப்போது முகம் சுளிப்பான். ஒரே ஒரு போட்டோதானே என்று கெஞ்சுவான்.

"சரிங்க," என்று போனைக் கவிழ்த்து வைத்தான் நந்தகுமார். "முட்டை பப்ஸா, வெஜிடபிளா?"

அவள் வயிற்றில் பாலை வார்த்தது அந்தச் சரிங்க. இருக்கிறான், ஒருத்தன் இருக்கிறான்! எழுந்து கூத்தாட வேண்டும் போலிருந்தது. முட்டை பப்ஸோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுபடி போன். "ஏய் தீபா, மாடு..."

"நல்லா கீறேன்டி, கவலப்படாத!"

மூன்றாவது தடவை, எதிர்முனை வாய் திறப்பதற்கு முன்பே அதையே சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"யாருங்க?"

"சிநேகிதி. என் மேல பாசம் கொஞ்சம் ஜாஸ்தி."

வரும் ஞாயிற்றுக்கிழமையும் சந்திக்கலாமா என்று தானே கேட்டுவிடத் துணிந்த நேரத்தில், அவன் போன் அடித்தது. எட்டிப்போய்ப் பேசியவன் பதற்றமாகத் திரும்பி வந்தான்.

"மன்னிச்சிக்கோங்க, நான் உடனே போவணும். ஒரு மாடு கன்னு போட முடியாம கஷ்டப்படுது."

தீபலட்சுமிக்கு முகம் செத்துப்போனது. அதே மாடு, அதே கன்று! இவனுக்கும் ஒரு இந்திராணி இருக்கிறாள் போல. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? இத்தனை மரியாதையும் இந்தப் பொய்க்குத்தானா?

"புடிக்கலன்னா நேரா சொல்லலாங்க. ஏன்னு நானும் கேக்க மாட்டேன்," என்றாள். "இந்த மாட்டுக் கதைய நாங்க ஒத்திகையே பாத்துட்டு வந்தோம்."

"கதையா? ஐயோ, நான் மாட்டு டாக்டருங்க! வேலய சொல்லக் கூடாதுன்னு நம்மதான பேசி வெச்சோம்?" அவன் பைக் சாவியைத் தேடிக்கொண்டே படபடவென்று சொன்னான். "போன மாசந்தான் இந்தப் பக்கம் மாத்தலாகி வந்தேன், திருப்புலிவனத்துக்கு வழிகூடத் தெரியல. இந்திராணின்னு ஒரு பொண்ணு போன்ல அழுவுது. அந்த மாட்டுக்காரம்மாவுக்கு மூணு தடவ போன் பண்ணாங்களாம். மூணு தடவையும், நல்லா கீறேன், கவலப்படாதன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்களாம்!"

தீபலட்சுமி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என் ஸ்கூட்டி பின்னாலயே வாங்க, டாக்டர். அந்த மாட்டுக்காரம்மா நான்தான்."