சிவப்பு வட்டம்

ஆனையூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரில் குடிக்கக் கூடாதென்று சுகாதாரத்துறைக்காரர்கள் போட்ட சிவப்பு வட்டம் காலை வெயிலில் பளபளக்கிறது. நான்கு தலைமுறையாக, சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் பந்தல் போட்டு இந்தத் தண்ணீரில்தான் பானக்கம் கரைத்து ஊற்றுகிறோம். இந்த ஆண்டு குடித்தவர்களில் பதினோரு பேருக்குக் காலரா. எதிர்வீட்டு நல்லகாமன் மதில்மேல் கையூன்றிச் சிரிக்கிறான். "என்ன மாமா, பானக்கத்துல பேதி மருந்தைக் கலந்துட்டீகளா?" நான் பல்லைக் கடிக்கிறேன். தண்ணீரைச் சோதித்த ஆய்வுக்கூடத்து எஸ்தர் முடிவுத் தாளை விரிக்கிறாள். "ஐயா, இந்தக் கிணத்துலயும் காலராக் கிருமி இருக்கு. ஆனா விஷம் கக்காது. ஒரு வைரஸ் வந்து அந்தக் கிருமிக்குள்ள புகுந்து அதோட மரபணுவுலயே குடியேறினாத்தான் அந்த விஷம் வரும். நோயாளிககிட்ட எடுத்த கிருமியில அந்த வைரஸ் இருக்கு, இதுல இல்ல. அதனால நோய் இந்தக் கிணத்துலருந்து வரல." "அதை மதில் பக்கம் திரும்பிச் சத்தமாச் சொல்லும்மா!" சொல்கிறாள். நல்லகாமனின் கை மதிலிலிருந்து இறங்குகிறது. "ஆனா ஐயா, வெளியிலருந்து அந்த வைரஸ் வந்து ஒட்டுனா இதுவும் விஷக் கிருமியா மாறிரும். பிளீச்சிங் பவுடர் போட்டே ஆகணும்." சாமி பார்க்க வரும் சனத்தின் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கக் கூடாதென்று, போன மாதம் பவுடரோடு வந்தவரை வாசலிலேயே விரட்டியவன் நான். "முதல்ல வட்டத்தை அழி." "கொட்டுன பிறகுதான் அழிப்போம்." நல்லகாமனின் கை மறுபடி மதிலேறுகிறது. எஸ்தர் கொண்டுவந்த பவுடர் பையைப் பிடுங்கி, கிணற்றுக்குள் ஒரே கொட்டாகக் கொட்டுகிறேன். வெள்ளைத் தூசி கிளம்பி என் வேட்டியெல்லாம் படிகிறது, கண் எரிகிறது. துடைக்காமல் நிற்கிறேன். "இப்ப அழிம்மா."