குபாத்தின் குறை

"கவலைப்படாத பெகாயிம், குறை உன்கிட்ட இல்லையாமே."

வேனை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகப் பிடித்துக்கொண்டாள் அதே தெரு ஜரீபா. தெருவில் ஒரு வீட்டில் தொட்டில் விருந்து. வாசலிலேயே கொப்பரை வைத்துப் போர்சோக் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"யார் சொன்னா?"

"எல்லாம் உங்க வீட்டு ஆளுதான். உன் புருஷன் குபாத்துக்குத்தான் குழந்தை பிறக்காதாம். பாவம், பார்க்க குதிரை மாதிரி இருக்கான்."

பெகாயிமுக்குச் சுருக்கென்றது. வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தவள் அவள். மார்பில் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருஷமாக மாத்திரை. அதைச் சாப்பிடும்வரை குழந்தைப் பேச்சே கூடாது என்று உத்தரவு. ஒரு வாரம் பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் வைத்துப் பரிசோதித்துவிட்டு, இன்று காலைதான் டாக்டர் சொன்னார்: மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்தலாம், குழந்தை பிறந்த பிறகு தொடரலாம், முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும். பெற்றே தீருவேன் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டாள்.

நோய் விஷயம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தால், அவளை அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கட்டு என்று குபாத்தின் உயிரை எடுப்பார்கள். அதற்காகப் பெற்ற பிள்ளையின் மானத்தையா கப்பலேற்றுவது? மாமியாருக்கு நாக்கு நீளம்தான். ஆனால் இவ்வளவா?

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள்.

"ஏன் அத்தை, சொந்த மகனையே இப்படிக் கேவலப்படுத்தலாமா?"

மாவு பிசைந்த கையோடு நிமிர்ந்தாள் சபீரா. "அது கிடக்கட்டும். டாக்டர் என்ன சொன்னாரு?"

பெகாயிம் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் போய், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாவுக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள் மாமியார்.

"சரி அத்தை, நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் எங்கடி சொன்னேன்? போன வாரம் குதிரைப்பால் குமிஸ் குடிக்கக் கூடின இடத்துல ஒருத்தன் உன்னை மலடின்னான். 'குறை எனக்குத்தான்'னு அத்தனை பேர் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னான் உன் புருஷன்."

சபீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் ஒண்ணைப் பெத்து, என் மகன் பொய்யன்னு ஊருக்கே காட்டுடி."