முத்தாரம்மாள் பூட்டிய கேட்

"அந்தம்மா இன்னைக்கு என்ன சொன்னாலும் சரி, சிகோண்டியைக் கூட்டிட்டுத்தான் வருவேன். நீங்க ஆட்டோவை ஆஃப் பண்ணாதீங்க சேட்டா."

நீது இறங்கிய வேகத்தில் ஆட்டோ ஒருமுறை குலுங்கியது.

ஸ்ரீவராகத்தில் அந்த வீட்டு கேட் இன்றைக்கும் பூட்டித்தான் கிடந்தது. கம்பியில் ஒரு கொத்து வேப்பிலை.

சிகோண்டி, நீதுவோடு எம்.எஸ்ஸி. படிப்பவள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்காரி. முத்தாரம்மாள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அம்மை போட்டுவிட்டது.

கேள்விப்பட்ட அன்றைக்கே நீது ஓடி வந்தாள். முத்தாரம்மாள் கேட்டைத் திறக்கவே இல்லை.

"யாரும் உள்ள வராண்டாம். கொண்டு வந்ததை மதில் மேல வச்சுட்டுப் போ."

"ஒரே ஒரு நிமிஷம் ஆன்ட்டி. முகத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

"முகத்துல பாக்கதுக்கு என்னா இருக்கு? முத்துதான் இருக்கு. போ மக்களே."

நீதுவின் அம்மாவுக்கும் நாகர்கோவில்தான். அந்தப் பேச்சு நீதுவுக்கு நன்றாகவே புரியும். அதனால்தான் கோபமும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

இரண்டாம் முறை, சிகோண்டிக்கு உயிரான சிக்கன் வறுவல் வாங்கிக்கொண்டு வந்தாள். பொட்டலம் பிரிக்காமலேயே திரும்பி வந்தது.

"எண்ணெயில பொரிச்சது ஆவாது. அவ கஞ்சிதான் குடிக்கா."

"போனையாவது குடுங்க ஆன்ட்டி. எப்பக் கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப்."

"நான்தான் வாங்கி வச்சிருக்கேன். கண்ணுக்கு ஓய்வு வேணும்லா?"

நீதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள்.

"ஆளு கறுப்பா இருக்கான்னுதான் இப்படிப் பண்ணுது அந்தம்மா. சொந்த மகளா இருந்தா இப்படிப் பூட்டி வைக்குமா? கடல் தாண்டிப் படிக்க வந்த பொண்ணு. அங்கே தனியா அழுதுட்டுக் கிடக்கும்."

பேசியதோடு நிற்கவில்லை. தம்பானூர் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டிலாகப் பார்த்துச் சொல்லி வைத்தாள். பதினாறாவது நாள் காலையில், இதோ, ஆட்டோவோடு வந்துவிட்டாள்.

கேட்டைப் படபடவென்று தட்டினாள்.

உள்ளே யாரோ கலகலவென்று சிரித்தார்கள். வாசலுக்கு வந்தது சிகோண்டிதான். பூப்போட்ட நைட்டி, தலையில் சுற்றிய ஈரத்துண்டு, கையில் கஞ்சி சொட்டும் கரண்டி. கன்னத்தில் காய்ந்த தழும்புகள்.

"சிகோண்டி! சீக்கிரம் பேக்கை எடு. ஹாஸ்டல் ரெடி."

"உள்ள வராண்டாம் மக்களே! அங்கேயே நில்லு!"

சிகோண்டியின் வாயில் சுத்தமான நாகர்கோவில் தமிழ். நீது திகைத்துப் போனாள். மற்றதெல்லாம் அவர்கள் வழக்கம்போல இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள்.

"உன்னை மிரட்டி வச்சிருக்காங்களா? பயப்படாம சொல்லு."

"மிரட்டினாங்களே! கஞ்சி குடிக்கலேன்னா உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்னாங்க. சொல்லவும் செஞ்சாங்க. தினமும் காலையில என் போனை ஆன் பண்ணி அம்மாவுக்கு வீடியோ கால். ஆன்ட்டி தமிழ்ல பேசுவாங்க, அம்மா எங்க பாஷையில பேசுவாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா அரை மணி நேரம் பேசுவாங்க!"

சொல்லும்போதே சிகோண்டிக்குச் சிரிப்பு பொங்கியது.

"நான் அழுதா அம்மா பாடுவாங்க. ஆன்ட்டி போனை என் காதுகிட்டப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாங்க. அரிப்பு தாங்காம சொறியப் போனா, என் ரெண்டு கையையும் தன் மடியில வச்சுப் பிடிச்சுப்பாங்க."

நீது ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள்.

"சரி... உனக்குத்தான் தண்ணி ஊத்தியாச்சே. இன்னும் எதுக்கு இந்தப் பூட்டு?"

"இது ஆன்ட்டி போட்டதில்லை. நான் போட்டது. முந்தாநாள் ஆன்ட்டிக்கு அம்மை போட்டுடுச்சு."

நீது தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனாள். கம்பியைப் பிடித்திருந்த கையையும் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

சிகோண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. "டாக்டர் ஆஷா வந்து பாத்தாச்சு. சீக்கிரமே மாத்திரை ஆரம்பிச்சதால பயமில்லைன்னு சொன்னாங்க. பயமெல்லாம் எனக்குத்தான். கஞ்சியில உப்பு போதலேன்னு காலையிலேர்ந்து மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க!"

உள்ளே இருந்து ஒரு இருமல். "நாலு தடவை!"

"ஆன்ட்டிக்கு எப்படி வரும்?" என்றாள் நீது மெதுவாக. "பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாங்கன்னா, முன்னாடியே வந்தவங்களாத்தானே இருக்கணும்?"

"நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் நாளே கிட்ட வராதீங்கன்னு கத்தினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள்கூடப் போட்டேன். 'எனக்கு ஆறு வயசுலயே வந்து போயாச்சு, அம்மையை ஆத்துற முத்தாரம்மன் பேருதான் எனக்கு, இனி அது என் பக்கம் எட்டிப் பாக்காது, கதவைத் திற'ன்னாங்க. நேத்து அவங்க அண்ணன் தாணுலிங்கம் மாமா போன் பண்ணினார். 'என் தங்கச்சிக்கு இத்தனை வயசுல அம்மை வந்ததே இல்லியே'ங்கிறார்!"

சிகோண்டி ஜன்னல் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்:

"ஆன்ட்டி, எதுக்குப் பொய் சொன்னீங்க?"

காய்ச்சலிலும் முத்தாரம்மாளின் அதட்டல் கொஞ்சமும் குறையவில்லை.

"பின்னே? வந்ததில்லேன்னு சொல்லியிருந்தா நீ கதவைத் தொறந்திருப்பியா மக்களே?"