சாமான் படிவழி

பாக்கி ஆறாயிரத்து நானூற்றி எண்பது ரூபாய். பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீட்டுக்கு லிப்ட் கார்டு வேலை செய்யாது என்பது அந்த இராஜபாளையம் குடியிருப்புச் சங்கத்தின் விதி. பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் கால் முறிந்த பீர் மைதீன் ரெண்டு மாசமாக நாலாவது மாடியை விட்டு இறங்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. அத்தர் தடவி, வெள்ளைச் சட்டையும் மாவுக்கட்டுமாக லிப்ட் முன்னால் ஊன்றுகோலோடு நிற்கிறார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிகிறது. வராந்தாவில் ஒரு துண்டு வெயில் கிடக்கிறது. ரெண்டு மாசமும் சோறு போட்ட, அவர் மனைவி மாஜிதாவின் தையல் மிஷின் அதில் நிற்கிறது. அதை விலைக்கு வாங்கிய மாரிசெல்வம் நீட்டிய நோட்டுகளை அவள் அப்படியே சங்கச் செயலாளர் சூர்யபிரகாஷ் கையில் வைக்கிறாள். அவர் செல்போனில் எதையோ தட்டுகிறார். லிப்டின் சிவப்பு விளக்கு பச்சையாகிறது.

“முடிஞ்சது பாய். இனி தாராளமா போங்க.”

மாரிசெல்வம் மிஷினை லிப்டுக்குள் தள்ளப் பார்க்கிறான்.

“ஏலே, சாமானெல்லாம் படிவழிதான். ரூல்ஸு,” என்கிறார் சூர்யபிரகாஷ்.

“நல்ல ரூல்ஸு தம்பி,” என்கிறாள் மாஜிதா, புருஷனைக் காட்டி. “இம்புட்டு நாளா இவிய ஆள்லயும் சேர்த்தியில்ல, சாமான்லயும் சேர்த்தியில்ல.”

மாஜிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷினின் மறுபக்கத்தைப் பிடிக்கிறாள். பீர் மைதீன் தனியாக உள்ளே போகிறார். கதவு மூடுகிறது. கூண்டு இறங்க இறங்க, சுவருக்கு அந்தப் பக்கம் படிக்குப் படி மிஷின் இடிபடும் சத்தமும் இறங்குகிறது. பீர் மைதீனின் சட்டைப்பையில் செல்போன் அதிர்கிறது. எடுத்து, சங்கத்திலிருந்து வந்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்: நிலுவை ஏதுமில்லை.