திரைக்குள் குனிந்தவள்

மீன் பதப்படுத்தும் ஆலையில் வழுக்கி விழுந்த ஸ்டெல்லாவின் முதுகெலும்பு எப்போதோ குணமாகிவிட்டது. ஆனாலும் அவள் குனிவதே இல்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம், "பயமெல்லாம் இல்ல டாக்டர், வலிதான்" என்பாள். அதனால் மருத்துவமனையின் பயிற்சி அறையில் இருந்த மலரிடம் அவளை அனுப்பினார்கள்.

மலர் சுவரளவு திரைக்குள் வாழும் மெய்நிகர் பெண். ஸ்டெல்லாவின் உயரமும் பருமனும், விறைப்பான அதே நடையும் அவளுக்கு இருந்தன.

"அக்கா, இந்தக் கூடைய எடுக்கட்டுமா?" என்று மலர் தரையை நோக்கிக் குனிந்தாள்.

"ஐயோ, குனியாத!" என்று ஸ்டெல்லா கத்திவிட்டாள்.

"குனிஞ்சா என்னக்கா ஆகும்?"

"முதுகு ஒடிஞ்சிரும்லா!"

திரையில் இருப்பவளுக்கு ஒடிய எலும்பே கிடையாது. ஆனாலும் மலர் சிரிக்கவில்லை.

"எனக்காகவே இவ்வளவு பயப்படுறீங்களே, உங்களுக்காக எவ்வளவு பயந்திருப்பீங்க?"

யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. ஸ்டெல்லா வாய்விட்டு அழுதாள். மலர் காத்திருந்தாள்.

"என்கூடச் சேர்ந்து குனியிறீங்களா? போதும்னு தோணுற இடத்துல நிறுத்திருவோம்."

முதலில் முழங்கால் வரைதான் கை போனது. ஸ்டெல்லா நின்றதும் மலரும் அங்கேயே நின்றாள். மறுபடி குனிந்தபோது இருவரும் இன்னும் கீழே போனார்கள். எதுவும் ஒடியவில்லை.

வெளியே வந்ததும், விபத்துக்குப் பிறகு தினமும் செய்வதுபோல, கணவர் ரொசாரியோ அவளுக்குச் செருப்பு மாட்டிவிட உட்கார்ந்தார்.

"தள்ளுங்க, நானே போட்டுக்கிடுதேன்" என்று ஸ்டெல்லா குனிந்தாள். வாரை மாட்டி அவள் நிமிர்ந்த பிறகும் அவர் எழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.