வேகத்தடைக்கு ஒரு வாசல்

ஓவர்சியர் சுண்ணாம்புத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்றார். எந்த வீட்டு வாசலில் கோடு போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

வேகத்தடை வேண்டும் என்று தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான். அவரவர் வாசலில் மட்டும் வேண்டாமாம். கரும்பு லாரி ஏறி இறங்கினால் சுவர் விரிசல் விடுமாம். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

"எங்க வூட்டு முன்னாடி போடுங்க," என்றாள் ஜெயம்மாள்.

எல்லோரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

மெயின் ரோட்டை ஒருவழிப் பாதை ஆக்கிய இந்த இரண்டு வருஷமாக வெள்ளிமலை பஸ் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. அதை ஓட்டுபவன் அவள் மகன் பகலவன்.

அவன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, இனி என் மூஞ்சியிலேயே முழிக்காதே என்று கதவைச் சாத்தியவள் இவள்தான். எல்லாம் வாய்க்கொழுப்பு. அவனும் நாலு வருஷமாக முழிக்கவில்லை. அழுத்தக்காரன், இவள் வயிற்றில் பிறந்தவன்தானே.

தினமும் காலையில் வாசலில் நிற்பாள். பஸ் பறந்துவிடும். ஜன்னலில் ஒரு முழங்கை தெரியும், காக்கிச் சட்டை தெரியும். இளைத்திருக்கிறானா, மீசையை எடுத்துவிட்டானா, ஒன்றும் தெரியாது. பெற்றவள் எத்தனை நாளைக்குத்தான் முழங்கையைப் பார்த்து மனசை ஆற்றிக்கொள்வாள்?

மேடு இருந்தால் பிரேக் போட்டே ஆகவேண்டும். ஒரு நிமிஷம் முகம் தெரியும். அது போதும் அவளுக்கு.

ஓவர்சியர் கதவு எண்ணைக் கேட்டார். சொன்னாள். ஃபைலைப் புரட்டியவர் ஒரு தாளில் நின்றுவிட்டார்.

"இந்த வாசலுக்கே தனியா ஒரு மனு இருக்குதும்மா. டிரைவருங்க வேகத்தடைய எடுக்கச் சொல்லித்தான் எழுதுவாங்க. போடச் சொல்லி ஒரு டிரைவர் எழுதுனது இதான் மொத தபா."

ஜெயம்மாள் தாளை வாங்கிப் பார்த்தாள். அதே கோணல் கையெழுத்து. தேதி போன வருஷத்து ஆடி மாதம்.

கோட்டைப் போட்டு முடித்த ஓவர்சியர், வேலை தொடங்க இன்னும் பத்து நாள் ஆகும் என்றார். அவள் காதில் அது விழவில்லை. தெரு முனையில் பஸ் ஹாரன் கேட்டது.

ஜெயம்மாள் செருப்புகூடப் போடாமல் இறங்கிப்போய் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றுகொண்டாள்.