கொடுமைக்காரனின் சாதகம்

"சொந்தத் தம்பியின்ரை கடையையே கொளுத்தினவர், ஐயா. உள்மனசிலை என்னதான் இருக்கு?"

கலியாணமும் பேசிவைக்கும் லண்டன் ஈஸ்ட் ஹாம் சாத்திரியார், பாலாம்பிகை கொடுத்த பிறந்த நேரத்தை வைத்துச் சாதகம் கணித்தார். "சின்ன வயசிலை தாயை இழந்தவர். உள்ளுக்குள்ளை இன்னும் அழுறார்."

பாலாம்பிகைக்குக் கண் கலங்கியது. "திருந்துவாரோ?"

"கலியாணம் கட்டினாத் திருந்துவார்."

மறுவாரம் சாத்திரியாரே அவளுக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, அவருக்கு நல்ல பொருத்தத்தோடை ஒரு பொம்பிளை இருக்கு. வீட்டாருக்கு முழுச் சம்மதம்!"

"ஐயோ, அவர் இங்கிலீஷ் டிவி நாடகத்திலை வாற வில்லன்! மிச்சக் கதையை நான் எழுதுறன். அவரின்ரை மனசு பிடிபடேல்லை எண்டுதான் பிறந்த நேரத்தைக் கற்பனை பண்ணித் தந்தனான்."

சாத்திரியார் தொண்டையைச் செருமினார்.

"அது இருக்கட்டும், பிள்ளை. ஆள் பிரிட்டிஷ் சிட்டிசன்தானே?"